செல்வி ஸ்கிரிப்ட்

கட்டுரையில் ஜெயராணியின் பெயர்தான் முதலில் வர வேண்டும் என்று ராமாமிர்தம் சார் சொன்னபோது சகாயசெல்வி சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். அதுதானே சார் நியாயம் என்று வேறு சொல்லிவைத்தாள். அந்தச் சிரிப்பை முகத்தில் நிறுத்திவைக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். சாரின் அறையை விட்டு வெளியே வந்து, கழிவறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, ஐந்து நிமிடம் அழுதாள். ஐந்து வருடமாக மாடாய் உழைத்தவள் இரண்டாவது பெயராம். வந்து இரண்டு வருடம் முழுசாக ஆகாதவள் முதல் பெயராம். எந்த ஊர் நியாயம் இது?

முதல் பெயர் என்றால் என்ன பெரிய கொம்பா என்று வெளியில் இருப்பவர்கள் கேட்பார்கள். கொம்புதான். ஆராய்ச்சிக் கட்டுரையில் நாலு பேர் இருந்தாலும் உலகம் முதல் பெயரைத்தான் சொல்லும். மிச்சப் பேரெல்லாம் 'மற்றும் பிறர்' என்ற மூட்டைக்குள் போய்விடுவார்கள். செல்விக்கு அப்படி முதல் பெயரில் ஒரே ஒரு கட்டுரைதான் இருந்தது. புதுச்சேரியில் அவள் கண் வைத்திருந்த வேலைக்கு இரண்டு வேண்டும். வயது முப்பத்தொன்று. இன்னொரு கட்டுரைக்காகக் காத்திருக்க அவளிடம் பொறுமையும் இல்லை, வயதும் இல்லை.

சிதம்பரத்துப் பல்கலைக்கழகத்தில் சாரின் ஆய்வகத்தில் இருப்பது எட்டுக் கணினிகள், ஓடினால் ஓடும் ஒரு ஏசி, ஆறு ஆராய்ச்சி மாணவர்கள். சோதனைக் குழாய், அமிலம், வெள்ளை அங்கி எதுவும் கிடையாது. புரதங்களின் வடிவத்தைக் கணினியில் வைத்து ஆராய்வதுதான் வேலை. புரதம் என்பது நூற்றுக்கணக்கான அமினோ அமிலங்களைக் கோர்த்த ஒரு நீளச் சரம். அந்தச் சரம் நீளமாகக் கிடக்காமல் சுருண்டு மடிந்து உருண்டையாக உட்கார்ந்துகொள்ளும். அப்போது சரத்தில் ஐம்பத்தெட்டாவதாக இருப்பதும் நூற்று முப்பத்தொன்றாவதாக இருப்பதும் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிடும். எது எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தால் அந்த உருண்டை எதனால் குலையாமல் நிற்கிறது என்று தெரியும். ஒன்றின் ஏதாவதொரு அணு இன்னொன்றின் ஏதாவதொரு அணுவுக்கு நான்கரை ஆங்ஸ்ட்ரத்துக்குள் இருந்தால் தொடுகிறது என்று கணக்கு. ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடியாக வெட்டினால் ஒரு துண்டு ஓர் ஆங்ஸ்ட்ரம்.

இந்தத் தொடுதல்களையெல்லாம் தேடிப் பட்டியல் போடும் கணினி நிரலை எழுதியவள் செல்வி. அதற்கு முழுசாக ஒரு வருடம் பிடித்தது. ஆய்வகத்தில் எல்லோரும் அதைச் 'செல்வி ஸ்கிரிப்ட்' என்றே சொன்னார்கள். அப்படிச் சொல்லும்போதெல்லாம் அவளுக்கு உள்ளுக்குள் குளிரும். எண்பத்துநான்கு புரதங்களை அதில் ஓட்டித்தான் தன் முதல் கட்டுரையை எழுதினாள். புதிதாக யார் சேர்ந்தாலும் சார் சொல்லும் முதல் வாக்கியம், செல்வியிடம் ஸ்கிரிப்ட் வாங்கிக்கொள் என்பதுதான்.

ஜெயராணியும் அப்படித்தான் வந்து வாங்கிக்கொண்டாள். கீரப்பாளையத்திலிருந்து ஸ்கூட்டியில், தலையில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு வந்த பெண். வந்த புதிதில் அவள் வேலை செய்யும் விதத்தைப் பார்த்துச் செல்வி சிரித்திருக்கிறாள். நிரல் பட்டியலைக் கொடுத்த பிறகும் அவள் விடமாட்டாள். அதைத் தாளில் அச்சடித்து, ஒவ்வொரு புரதத்தையும் திரையில் திறந்து, சுழற்றிச் சுழற்றிப் பார்த்து, ஸ்கெட்ச் பேனாவால் வட்டம் போடுவாள். மூன்று நிமிடத்தில் முடிகிற வேலைக்கு மூன்று நாள். சரியான மக்குப் பெண் என்று செல்வி நினைத்தாள்.

அந்த மக்குப் பெண்தான் உப்புப் பாலத்தைக் கண்டுபிடித்தாள். கடலோர உப்புநீரில் வாழும் நுண்ணுயிரிகளின் நொதி ஒன்று, அவ்வளவு உப்பிலும் குலையாமல் இருப்பது எப்படி என்று சார் பத்து வருடமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். அந்த நொதியின் பதினான்கு வடிவங்களிலும் ஐம்பத்தெட்டாவது அமினோ அமிலமான ஆர்ஜினினும் நூற்று முப்பத்தொன்றாவது இடத்து ஆஸ்பார்டேட்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. நேர்மின்னும் எதிர்மின்னும் இப்படிக் கைகோர்த்தால் அதற்குப் பெயர் உப்புப் பாலம். நல்ல தண்ணீரில் வாழும் உறவுக்கார நுண்ணுயிரிகளின் நொதியில் அந்தப் பிடி இல்லை. ஸ்கெட்ச் பேனா வட்டங்களோடு அவள் தாள்களை விரித்துக் காட்டியபோது சாருக்கு வாயெல்லாம் பல். அன்றைக்கு எல்லோருக்கும் கேண்டீனில் ரவா தோசை வாங்கிக் கொடுத்தார். செல்வி பாதித் தோசையை வைத்துவிட்டாள். தொண்டைக்குக் கீழே இறங்கினால்தானே.

சரி, இங்கேதான் இப்படி என்று கடலூர் முதுநகரில் வீட்டுக்குப் போனால் அங்கேயும் அதே பாட்டுதான். தேவாலயத்தின் பங்குத் திருவிழாவுக்கு ஆய்வகத்துப் பிள்ளைகளையெல்லாம் செல்விதான் அழைத்திருந்தாள். வந்தவர்களில் ஜெயராணி மட்டும் அடுப்படிக்குள் போய் அம்மாவோடு வஞ்சிர மீனைக் கழுவினாள். தேர் வரும்போது மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு கடைசித் தெரு வரை நடந்தாள். அன்றிலிருந்து அப்பா செபாஸ்டினுக்கு அவள்தான் உலகத்திலேயே நல்ல பெண். குடிகாட்டுத் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"அந்தக் கீரப்பாளையத்துப் பொண்ணு எப்டிம்மா இருக்கு? இன்னொரு தபா கூட்டியாயேன்."

நல்லா இருக்கா என்று செல்வி பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வாள். அது முகத்தில் ஒரு களை இருக்குது என்று அம்மா உள்ளேயிருந்து சேர்த்துக்கொள்வாள். பெற்ற மகளின் முகத்தில் என்ன இருக்கிறது என்று அந்த வீட்டில் யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

முதல் பெயர் போன அன்றே செல்வி வாட்ஸ்அப்பில் ஜெயராணியை ஓரங்கட்டிவிட்டாள். செய்தி வந்தால் சத்தம் வராது, மேலே காட்டாது. அவள் அனுப்பும் குட்மார்னிங் பூவையும் ஸ்டேட்டஸில் போடும் வயல்வெளிப் படங்களையும் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. ஆய்வகத்தில் எதிரெதிரே உட்கார வேண்டியிருந்தது. அதற்குக் காதில் ஒரு ஹெட்போன். அக்கா என்று ஜெயராணி இரண்டு முறை எழுந்து வந்தாள். இரண்டு முறையும் செல்வி திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், அவசரமா ஒரு வேலை, அப்புறம் பேசலாம் என்று கையைக் காட்டி அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனாள். பொறாமைப்பட்டேன் என்று பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிடலாம் என்று ஓர் எண்ணம் வந்தது. வரிசையில் பதினொரு பேர் நின்றார்கள். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு வந்து மடிக்கணினியைத் திறந்தாள்.

திறந்தது ஜெயராணியின் பதினான்கு வடிவங்களை. இதை அவள் யாரிடமும் ஒப்புக்கொள்ள மாட்டாள், ஆனால் நமக்குத் தெரியும்: குற்றம் கண்டுபிடிக்கவே உட்கார்ந்தாள். அந்தப் பெண் செய்ததைப் போலவே ஒவ்வொன்றாகத் திரையில் போட்டுச் சுழற்றினாள். முதல் மூன்றில் பிடி கெட்டியாக இருந்தது. நான்காவதைப் பெரிதாக்கியபோது அவள் கை நின்றது.

அந்த வடிவத்தில் ஆர்ஜினினின் பக்கக்கை, அதாவது சரத்திலிருந்து பக்கவாட்டில் நீளும் அணுக்கொத்து, இரண்டு இடத்தில் இருந்தது; ஆஸ்பார்டேட்டினுடையதும் அப்படியே. இது நடப்பதுதான். புரதத்தின் வடிவத்தைக் காண்பதற்காக வளர்க்கும் படிகத்துக்குள் சில அமிலங்களின் கை ஒரே இடத்தில் நிற்காமல் கொஞ்சம் இங்கே, கொஞ்சம் அங்கே என்று இருக்கும். வடிவத்தைக் கண்டவர்கள் இரண்டு நிலையையும் கோப்பில் எழுதி ஒன்றுக்கு 'ஏ', இன்னொன்றுக்கு 'பி' என்று அடையாளம் போட்டுவிடுவார்கள். ஏ இருக்கும்போது பி இருக்காது. இங்கே ஆர்ஜினினின் ஏ கையும் ஆஸ்பார்டேட்டின் பி கையும்தான் நான்கரை ஆங்ஸ்ட்ரத்துக்குள் இருந்தன. அவை இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கவே முடியாது. காலையில் கடலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றவளும் சாயங்காலம் அதே இடத்தில் நின்றவளும் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று சொல்வது மாதிரி இது. நிரல் அந்த அடையாளத்தைப் பார்க்காமல் எல்லாக் கைகளையும் சேர்த்து எண்ணிவிட்டது.

பதினான்கில் ஐந்து இப்படிப் பொய்ப்பிடி. செல்வி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். பல நாளைக்கப்புறம் மனம்விட்டுச் சிரித்தாள். மதியம் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

நிரல் யாருடையது என்ற நினைப்பு வரவில்லையா என்று கேட்டால், வந்தது. கை கழுவும்போது வந்தது. ஸ்கிரிப்ட் பட்டியல்தான் கொடுக்கும், கண்ணால் பார்த்துச் சரிசெய்ய வேண்டியது வேலை செய்கிறவள் பொறுப்பு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தன்னுடைய பழைய கட்டுரையின் கோப்புகள் அதே கணினியில்தான் இருந்தன. அவற்றை அவள் திறக்கவில்லை.

ஜெயராணியைக் கூப்பிட்டு, இந்தா இப்படி ஒரு தப்பு இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் யாருக்குத் தெரியும்? புதன்கிழமை கூட்டம் இருந்தது. ஆறு பேரும் சாரும் உட்காரும் கூட்டம். அந்த ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் வேலையில் பிழை கண்டுபிடிக்கப்பட்டாலும் வாசலில் இருக்கும் வெள்ளைப் பலகையில் பிழை செய்தவரே தன் கையால் அதை எழுத வேண்டும். கீழே பிழை செய்தவர் பெயர், கண்டவர் பெயர். ஒரு வாரம் அழிக்கக் கூடாது. வெட்கப்பட்டால்தான் புத்தியில் நிற்கும் என்பது சாரின் கட்சி.

புதன்கிழமை காலை கடலூரிலிருந்து பேருந்தில் உட்கார்ந்து வந்த ஒன்றேகால் மணி நேரமும் பேச வேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்தாள். புதுச்சத்திரம் வருவதற்குள் மனப்பாடம் ஆகிவிட்டது.

கூட்டத்தில் அவள் ஒரு வார்த்தைகூடத் தடுமாறவில்லை. நான்காவது வடிவத்தைத் திரையில் போட்டாள். ஏ கையைச் சிவப்பிலும் பி கையை நீலத்திலும் காட்டினாள். பிறகு மற்ற நான்கையும் வரிசையாகப் போட்டாள். குரலில் வருத்தம் தொனிக்கப் பார்த்துக்கொண்டாள். ஜெயராணிக்காக ரொம்பக் கவலைப்படுகிற ஓர் அக்காவின் குரல்.

சாரின் முகத்தில் ஈயாடவில்லை. கட்டுரை அடுத்த வாரம் அனுப்புவதாக இருந்தது. ஜெயராணியின் பக்கம் திரும்பி, எந்த நிரலில் ஓட்டினாய் என்று கேட்டார். ஜெயராணி செல்வியைப் பார்த்தாள். நீண்ட பார்வை.

"அக்கா ஸ்கிரிப்ட்தான் சார். ஆனா நடுவுல ஒரு வரிய நான் மாத்திட்டேன். தப்பு என்னுதுதான்."

மாற்றவில்லை என்று செல்விக்குத் தெரியும். வாயைத் திறக்க ஒரு நொடி இருந்தது. அந்த நொடி போய்விட்டது. சார் பத்து நிமிடம் ஜெயராணியைத் திட்டினார். அடுத்தவர் எழுதியதில் கைவைக்கும் முன் கேட்க வேண்டும் என்ற இங்கிதம்கூடத் தெரியாதா என்றார். கட்டுரையைச் சரிசெய்யும் பொறுப்பு இனி செல்வியுடையது, முதல் பெயரும் செல்வியுடையது என்று முடித்தார். ஜெயராணி எழுந்துபோய்ப் பலகையில் அழகான கையெழுத்தில் எழுதினாள். பிழை: ஜெயராணி. கண்டவர்: சகாயசெல்வி.

கேட்டது கிடைத்துவிட்டது. இடத்துக்கு வந்து உட்கார்ந்த செல்விக்கு அந்தப் பொய் மட்டும் முள்ளாய்க் குத்திக்கொண்டிருந்தது. இவள் ஏன் இப்படிச் சொன்னாள்? பயந்துவிட்டாளா? கைபேசியை எடுத்து, ஓரங்கட்டி வைத்திருந்த ஜெயராணியின் பக்கத்தைத் திறந்தாள். பூக்கள், பூக்கள், மேலும் பூக்கள். அதற்கு நடுவே பன்னிரண்டு நாளைக்கு முன்னால் வந்த நீளமான ஒரு செய்தி.

"அக்கா, உங்க ஸ்கிரிப்ட்ல ஏ பி ரெண்டையும் சேத்து எண்ணுது. படத்துல வெச்சு பாக்கும்போதுதான் தெரிஞ்சுது. நான் சரி பண்ணிட்டேன், கீழ அனுப்பியிருக்கேன். பதினாலுல ஒம்போதுதான் நிக்குது. ஆனா விட்டுப்போன அஞ்சும் உப்பு கம்மியான எடத்துல இருந்து எடுத்தது, அதனால நம்ம கதை இன்னும் பலமாத்தான் ஆவுது. உங்க பழைய பேப்பர்லயும் ஓட்டிப் பாத்தேன், பத்தொம்போது புரதத்துல எண்ணிக்க மாறுது. சார்கிட்ட நான் சொல்லல. நீங்களே சொன்னாத்தான் நல்லாருக்கும். எப்ப சொல்லலாம்னு சொல்லுங்க."

கீழே திருத்திய நிரல். அதற்கும் கீழே மறுநாள் ஒரு வரி: அக்கா பாத்தீங்களா? அதற்கடுத்த நாள்: அக்கா?

செல்வி அதை மூன்று முறை படித்தாள். நன்றி வந்திருக்க வேண்டும், வெட்கம் வந்திருக்க வேண்டும். வெட்கம் கொஞ்சம் வந்தது. மிச்சமெல்லாம் ஆத்திரம். இவள் யார் எனக்குப் பிச்சை போட? என் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, திட்டு வாங்கிக்கொண்டு, அந்தப் பலகையில் மணிமணியாக எழுதிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல உட்கார்ந்திருக்கிறாளே! அறிவில் முந்தினாள், சாரிடம் முந்தினாள், பெற்றவர்களிடம் முந்தினாள். நல்லவள் என்ற பெயரிலும் அவளே முதலா? இனி ஒவ்வொரு முறை அந்தக் கட்டுரையில் தன் பெயரைப் பார்க்கும்போதும் ஜெயராணி போட்ட பிச்சை என்றுதானே தோன்றும்?

எழுந்தாள். நேராகச் சாரின் அறைக்குப் போனாள். கதவைக்கூடச் சாத்தவில்லை. வரிசையாகச் சொன்னாள். நிரலில் ஜெயராணி கைவைக்கவில்லை. தப்பு ஆரம்பத்திலிருந்தே என்னுடையது. அவள் பன்னிரண்டு நாளைக்கு முன்னாலேயே கண்டுபிடித்து எனக்கு எழுதினாள். நான் படிக்கவில்லை.

ஏன் படிக்கவில்லை என்று சார் கேட்டார்.

"அவள எனக்குப் புடிக்கல சார். மியூட்ல போட்டு வெச்சிருந்தேன். பொறாம."

சார் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கைபேசியை வாங்கி அந்தச் செய்தியை மெதுவாகப் படித்தார். விட்டுப்போன ஐந்தும் உப்புக் குறைந்த இடத்தைச் சேர்ந்தவை என்ற வரிக்கு வந்ததும், அவரையும் அறியாமல் அடேயப்பா என்றார். இரண்டு வருடத்துக்கு முந்தைய கட்டுரைக்குத் திருத்தக் கடிதம் எழுத வேண்டும், அதில் தப்பு யாருடையது என்று தெளிவாக இருக்க வேண்டும் என்றார். உப்புப் பாலக் கட்டுரையில் முதல் பெயர் ஜெயராணி. அதில் இனிப் பேச ஒன்றுமில்லை. இதை நீயே வந்து சொன்னதற்குத் தைரியம் வேண்டும் என்றும் சொன்னார். செல்விக்கு அது காதில் ஏறவில்லை. புதுச்சேரி வேலை கண்முன்னால் போய்க்கொண்டிருந்தது.

வெளியே வந்தாள். பலகையில் இருந்ததை அழித்துவிட்டுப் பெயர்களை இடம் மாற்றி எழுதினாள். பிழை: சகாயசெல்வி. கண்டவர்: ஜெயராணி. கடைசி எழுத்தை முடித்துத் திரும்பினால் பின்னால் ஜெயராணி நிற்கிறாள். திறந்திருந்த கதவு வழியாக எல்லாம் கேட்டிருக்கிறது. முகம் வெளிறிப்போயிருந்தது.

"ஏங்க்கா போயி சொன்னீங்க?"

"உனக்குக் கடன்பட்டு இருக்க என்னால முடியாது. அதுக்குத்தான் சொன்னேன். மனசு மாறிட்டேன்னு நெனச்சுக்காத. உன்னப் பாத்தா எனக்கு இன்னும் எரியுது."

ஜெயராணி பலகையைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். அழப்போகிறாள் என்று செல்வி நினைத்தாள். அவள் அழவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"நானும் உங்களக் காப்பாத்த ஒண்ணும் அப்டிச் சொல்லலக்கா. இந்த லேப்ல நான் என்னா பண்ணாலும் செல்வி ஸ்கிரிப்ட்ல ஓட்டுனதுன்னுதான் சொல்றாங்க. ரெண்டு வருஷமா கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சிப் போச்சி. நீங்க என் மெசேஜ பாக்கலன்னு எனக்குத் தெரியும். டிக்கு நீலமாவே ஆவல. என்னிக்காவது ஒரு நாளு பாப்பீங்க, பேப்பர் வந்தப்புறம் பாப்பீங்க, அதுக்கப்புறம் சாவுற வரைக்கும் உங்களுக்கு நிம்மதியே இருக்காதுன்னுதான் தப்பு என்னுதுன்னு சொன்னேன். ஒரு மணி நேரத்துல எல்லாத்தையும் கெடுத்துட்டீங்க."

செல்வி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பா தலையில் தூக்கிவைத்து ஆடும் பெண். முகத்தில் களை இருக்கும் பெண். மீன் கழுவிய பெண். இந்தப் பால்வடியும் முகத்துக்குள் இப்படி ஒரு விஷமா? தான் செய்ததெல்லாம் ஒரு வாரம் பலகையில் கிடந்து அழிந்துபோகிற பழிவாங்கல். இவள் போட்டது ஆயுளுக்கும் தின்னும் திட்டம். அதற்காக முதல் பெயரையே தூக்கிக் கொடுக்கத் துணிந்திருக்கிறாள்.

இரண்டு வருடத்தில் முதல் முறையாக அந்தப் பெண்ணைச் செல்விக்குப் பிடித்தது. பிடித்த கையோடு வயிறும் பற்றிக்கொண்டது. பொறாமைப்படுவதிலாவது தன்னை மிஞ்ச இந்த ஆய்வகத்தில் ஆள் இல்லை என்று நினைத்திருந்தாள். படுபாவி, அதிலும் முந்திவிட்டாளே.